வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம்? வேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்க மருத்துவமனைகளின் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்து அனுப்பும் ஒரு நிறுவனத்தின் வேலூர்க் கிளையில் 26 பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது. எங்கள் கிளை காட்பாடி சாலையில் ஒரு மாடியில். குழுவினர் குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஆரணி என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒரே இரவில் எல்லோரும் வீட்டுக்குப் போனோம். 2022 இலிருந்து பாதி அலுவலகம், பாதி வீடு. இதில் நான் சரியாகச் செய்தவையும் உண்டு, சொதப்பியவையும் உண்டு. இங்கும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கமும் புதிதாகக் குழுத் தலைமைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவிட்டேன்.

கலப்பு முறை என்பதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு. ஹைப்ரிட் என்று சொன்னாலும் இதுதான். தொலைவிலிருந்து வேலை பார்க்கும் எண்ணத்துக்கு அமெரிக்கப் பொறியாளர் ஜாக் நில்ஸ் 1973 இல் ‘டெலிகம்யூட்டிங்’ என்று பெயர் வைத்தார். நம் ஊருக்கு அது வந்து சேரப் பெருந்தொற்று தேவைப்பட்டது.

பெரிய நிறுவனங்கள் எல்லோரையும் திரும்ப அழைத்துவிட்டனவே? இந்த முறை நிலைக்குமா?

அழைத்தது உண்மை. 2025 வாக்கில் எந்த நேரத்திலும் தன் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020 இல் சொன்ன டிசிஎஸ், 2023 அக்டோபரில் ஐந்து நாளும் வரச் சொன்னது. விப்ரோ அதே ஆண்டு நவம்பரில் மூன்று நாள் கட்டாயம் என்றது. அமேசான் 2025 ஜனவரி முதல் ஐந்து நாள் என்றது. செய்தித்தாளில் இவற்றை மட்டும் படிப்பவருக்கு ‘கதை முடிந்தது’ என்றுதான் தோன்றும்.

ஆனால் அளந்து பார்த்தவர்கள் வேறு ஒன்றைச் சொல்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் சீனாவின் டிரிப்.காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீடு. மற்றப் பிரிவுக்கு ஐந்து நாளும் அலுவலகம். 2024 இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது. வேலைத் தரத்திலோ பதவி உயர்விலோ இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வேலையை விட்டுப் போனவர்கள் மட்டும் கலப்புப் பிரிவில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறைவும் பெண்களிடமும் வெகுதூரம் பயணம் செய்து வருபவர்களிடமும்தான் தெளிவாகத் தெரிந்தது.

நான் கவனித்த வேறொரு விவரம் உண்டு. சோதனைக்கு முன் மேலாளர்களைக் கேட்டபோது ‘இதனால் வேலை குறையும்’ என்றார்கள். முடிந்த பிறகு அதே மேலாளர்கள் ‘கொஞ்சம் கூடும்’ என்றார்கள். வேலை அப்படியேதான் இருந்தது, மேலாளர்களின் பயம்தான் குறைந்தது.

நிலைக்குமா என்றால், நிலைக்கும் என்பதே என் கணிப்பு. ஆனால் சலுகையாகக் கொடுத்த இடங்களில் நிலைக்காது. ஆள் கிடைக்காத காலத்தில் கொடுப்பதும் ஆள் மலிந்த காலத்தில் பிடுங்குவதுமாகவே இருக்கும். வேலையை அதற்கேற்ப மாற்றி அமைத்த இடங்களில் நிற்கும்.

வேலூர் போன்ற ஊருக்கு இதனால் என்ன லாபம்?

காட்பாடி சந்திப்பில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். கையில் சாப்பாட்டுப் பையோடு சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். சென்னை சுமார் 130 கிலோமீட்டர், ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ரயில்வே 150 கிலோமீட்டர் வரைதான் சீசன் டிக்கெட் கொடுக்கிறது. ஆகவே சென்னைக்குக் கிடைக்கும். 200 கிலோமீட்டரைத் தாண்டிய பெங்களூருக்குக் கிடைக்காது. இந்த ஒரு விதி நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே வேலை தேடுகிறார்கள் என்பதைச் சத்தமில்லாமல் தீர்மானித்து வந்திருக்கிறது. தினமும் போய்வர முடிகிறவர் சென்னைக்குப் போனார். முடியாதவர் பெங்களூரில் அறை எடுத்தார்.

வாரத்தில் இரண்டு நாள் போனால் போதும் என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பெங்களூர் வேலையை வைத்துக்கொண்டே சத்துவாச்சாரியில் குடியிருக்கலாம். அங்கே வாடகைக்குப் போகும் பணம் இங்கே வீட்டுக் கடனுக்குப் போகிறது. என் குழுவில் சேர்ந்த இருவர் அப்படித் திரும்பி வந்தவர்கள்தாம். ஒருவருடைய அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.

ஆட்களை நகரத்துக்கு இழுப்பதற்குப் பதிலாக வேலையை ஊருக்கு அனுப்பலாம் என்பதைத் தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே காட்டிவிட்டது. சிறு ஊர்களில் தகவல் தொழில்நுட்ப வளாகம் கட்டும் அரசின் மினி டைடல் பூங்காத் திட்டத்தில் வேலூரும் இடம்பெற்றிருக்கிறது. பூங்கா வந்தால் மட்டும் போதாது. அதற்குள் வரும் வேலையை நடத்தத் தெரிந்த இடைநிலை மேலாளர்கள் வேண்டும். நமக்குப் பஞ்சம் அங்கேதான்.

எல்லா வேலைக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடுபவரும் சி.எம்.சி. மருத்துவமனை வார்டில் இரவு முழுவதும் நிற்கும் செவிலியரும் எந்த நாளை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்? ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இந்தப் பிளவு வரும். எங்கள் அலுவலகத்தில் காவலாளியும் துப்புரவு செய்யும் அம்மாவும் ஐந்து நாளும் வருகிறார்கள். நாங்கள் வராத நாளில் அவர்களுக்குச் சம்பளம் பிடிக்கலாமா என்று ஒப்பந்ததாரர் கேட்டார். கூடாது என்று எழுதி வாங்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கலப்பு முறை பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்தச் செய்தி வரவே வராது.

வீட்டில் இருப்பவர் உண்மையாகவே வேலை செய்கிறார் என்று எப்படித் தெரியும்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் குரல் கொஞ்சம் தாழும். பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்தில் எங்கள் குழுப் பெண் ஒருவருடைய வீட்டுக்கு, அவருடைய மடிக்கணினி பழுதானபோது மாற்றுக் கணினியைக் கொடுக்கப் போனேன். திண்ணையில் ஒரு பக்கம் பாட்டி. மடியில் முறம், முறத்தில் நனைத்து அளவாக வெட்டிய பீடி இலை, ஒரு ஓரத்தில் தூள். இலையை விரல் நுனியில் உருட்டி, தலையை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்; கண் கையில் இல்லை, தெருவில் இருந்தது. மறுபக்கம் பேத்தி. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, அதே மாதிரி மடியில் கணினி. நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பாட்டி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்.

“இவளுக்கு எண்ணிக்கைக்குக் கூலியா, நாளுக்குக் கூலியா?”

“மாதச் சம்பளம் பாட்டி.”

“கழித்துவிட்டால் யார் தலையில் விழும்?”

பீடிக் கடையில் சுற்றியதைக் கொடுக்கும்போது சரியில்லை என்று ஒரு பகுதியைக் கழித்துவிடுவார்கள். அந்த இலைக்கும் தூளுக்கும் கணக்கு சுற்றியவர் தலையில். வட ஆற்காட்டில் வீட்டிலிருந்து வேலை என்பது 2020 இல் பிறந்த சங்கதி அன்று. பீடி இங்கே தலைமுறை தலைமுறையாக வீட்டில்தான் சுற்றப்படுகிறது. ஆம்பூரில் காலணியின் மேல்பாகம் தைக்கும் வேலையும் வீடு வீடாகப் போகிறது. அந்தப் பெண்கள் வேலை செய்கிறார்களா என்று எந்த முதலாளிக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆயிரம் பீடி வந்துவிடுகிறது அல்லவா? எண்ணிக்கையை வைத்து வேலை வாங்குவது சுலபம் என்பதற்கு அதுவே சாட்சி. விளக்கும் இடமும் முதுகுவலியும் மூக்கில் ஏறும் தூளும் வேலையோடு சேர்ந்து வீட்டுக்குப் போய்விட்டன என்பதும் அதே கதையின் மறுபாதி. வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று சட்டம் சொல்ல 1966 ஆக வேண்டியிருந்தது.

ஆகவே என் பதில் இதுதான். வேலை நடக்கிறதா என்பதை அறிய முடிந்த வேலையைப் பாருங்கள். அதற்கு ஒற்று வேலை தேவையில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள் எங்களுக்கும் விற்க வந்தது. வேலை நடப்பதுபோல் காட்ட மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கும் ஒரு சிறு கருவி அதற்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டது என்று எங்கள் பையன் ஒருவன் சிரித்தபடி சொன்னான். வாங்கவில்லை. அதோடு, பாட்டியின் இரண்டாவது கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை வீட்டுக்குப் போகும்போது அதோடு சேர்ந்து என்னென்ன செலவு போகிறது, அது யார் தலையில் விழுகிறது? குழுவை நடத்துபவரின் வேலையில் பாதி இந்தக் கணக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே வரும் பதில்கள் பலவும் இதைச் சுற்றியே இருக்கும்.

மின்சாரம், இணையம், நாற்காலி: யார் செலவு?

நிறுவனத்தின் செலவு. பேரம் பேசாதீர்கள். முழுவதும் முடியாவிட்டால் இணையக் கட்டணத்தையும் ஒரு நல்ல நாற்காலியையுமாவது கொடுங்கள். கட்டிலில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை பார்த்த ஒருவர் அடுத்த ஆண்டு கழுத்துப் பட்டையோடு வந்து நின்றார்.

நம் ஊருக்கான உத்தி ஒன்று: மின்வாரியம் ஒவ்வொரு பகுதிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே அறிவிக்கிறது, உள்ளூர்ச் செய்தியில் வரும். அவரவர் பகுதியின் மின்தடை நாளை அவரவருக்கு அலுவலக நாளாக்கிவிடுங்கள். நாங்கள் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி ஊர்ப்பெயரை எழுதி வைக்கிறோம். விலை உயர்ந்த திட்டமிடல் மென்பொருள் எதுவும் இந்த நாட்காட்டி அளவுக்கு எங்களுக்குப் பயன்பட்டதில்லை.

வாரத்தில் எத்தனை நாள் என்று வைப்பது?

எத்தனை நாள் என்பதைவிட எந்த நாள், எதற்காக என்று கேளுங்கள். மூன்று நாள் வரச் சொல்லிவிட்டு, வந்தவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சென்னையோடு பேசிக்கொண்டிருந்தால் அவர் எதற்கு ஆரணியிலிருந்து பஸ் ஏறினார்? எங்களுக்குச் செவ்வாயும் வியாழனும் எல்லோருக்கும் பொது. புதிய விதிகளைப் படிப்பது, நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளை ஒன்றாக உட்கார்ந்து அலசுவது, சண்டை போடுவது எல்லாம் அந்த இரண்டு நாளில். தனியாக உட்கார்ந்து முடிக்க வேண்டியவை வீட்டு நாளில்.

விதிவிலக்கும் வைத்திருக்கிறோம். நோயாளி விவரம் திரையில் இருக்கும்போது பின்னால் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் கட்டாயம். ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் அது எப்படி முடியும்? அப்படி ஒரு வீட்டுப் பையன் எங்கள் குழுவில் ஐந்து நாளும் அலுவலகம் வருகிறான். அவனுக்கு வீட்டு நாள் இல்லாததால் பஸ் செலவை நிறுவனம் ஏற்கிறது. இதைச் சென்னையில் புரியவைக்கக் கொஞ்சம் குரல் உயர்த்த வேண்டியிருந்தது.

மாற்றத்தை எப்படி அறிவிப்பது?

எப்படி அறிவிக்கக்கூடாது என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். ஒன்று பெரியது, ஒன்று என்னுடையது.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்நிய ஆட்சியின் மீதிருந்த வெறுப்பு அதன் வேர். திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்தார்கள். ஆனால் தீப்பொறி ஓர் அலுவலக உத்தரவு. 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை வந்தது, தோலில் செய்த சின்னம் வைத்து. சமயச் சின்னமும் தாடியும் கூடாது, மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதிகளும் சேர்ந்தன. யாரையும் கேட்கவில்லை. 1806 மே மாதம் மறுத்துப் பேசியவர்களில் இருவரைக் கசையால் அடித்து வேலையை விட்டு அனுப்பினார்கள். உள்ளே என்னவோ நடக்கிறது என்று முன்கூட்டியே எச்சரித்த முஸ்தபா பேக் என்ற சிப்பாயை நம்பாமல் சிறையில் வைத்தார்கள். விடியலுக்கு முன் தொடங்கிய கிளர்ச்சி இரு பக்கமும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அதன் பிறகு உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். ஆளுநர் பென்டிங்க்கும் தலைமைத் தளபதி கிராடாக்கும் லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அதை நம் அலுவலகத்தோடு ஒப்பிடுவது மிகை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் ஒரு மேலாளர் கோட்டையைச் சுற்றி நடக்கும்போது நினைத்துப் பார்க்கத்தக்க வரிசை அது: கேட்காமல் உத்தரவு, மறுத்தவருக்குத் தண்டனை, எச்சரித்தவருக்குச் சிறை.

இனி என்னுடையது. 2022 இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு, திங்கள் முதல் வாரம் மூன்று நாள் அலுவலகம் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். சென்னையிலிருந்து வந்த வாசகத்தை அப்படியே ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை காலை தொலைபேசியில் 19 அழைப்பு தவறியிருந்தது. ஒருவர் ஊரடங்கில் ஆரணிக்கே குடிபெயர்ந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருந்தார். இன்னொருவர் வண்டியை விற்றுவிட்டார். ஒரு பெண் அழைக்கவில்லை. திங்கள் காலை ராஜினாமாக் கடிதம்தான் வந்தது. எங்கள் குழுவிலேயே திறமையானவர் அவர். பிறகு கேட்டபோது, “மூன்று நாள் வருவது எனக்குக் கஷ்டமில்லை சார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்,” என்றார்.

அடுத்த முறை முறையை மாற்றியபோது இப்படிச் செய்தேன். முடிவு எடுப்பதற்கு ஆறு வாரம் முன்பே ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம் தனியாகப் பேசினேன். கேட்டது ஒரே கேள்வி: இது வந்தால் உங்கள் வீட்டில் எது உடையும்? பதில்களை ஒரு நோட்டில் எழுதினேன். பள்ளி வேன் நேரம், மாமியாரின் இன்சுலின், கடைசி பஸ், இரவு நேரத்தில் தெருவிளக்கு இல்லாத சந்து. எல்லாவற்றையும் தீர்க்க முடியவில்லை. தீர்க்க முடியாதவற்றை ‘இது முடியாது, காரணம் இது’ என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அந்த முறை யாரும் போகவில்லை.

எல்லாம் சொல்லியும் முகம் சுளிப்பவர்களை என்ன செய்வது?

காலம் கொடுங்கள். வில்லியம் பிரிட்ஜஸ் என்ற அமெரிக்க ஆலோசகர் ஒரு நல்ல வேறுபாடு சொன்னார். மாற்றம் என்பது வெளியே, ஒரு தேதியில் நடப்பது. அதற்குள் மனிதர் குடிபோவது வேறு, அது பழையதை விடுவதில் தொடங்கி, இரண்டுங்கெட்டான் காலம் ஒன்றைக் கடந்து, பிறகுதான் புதியதில் நிலைகொள்ளும்.

நமக்கு இதை விளக்க அமெரிக்கர் தேவையில்லை. வட ஆற்காடு மாவட்டம் 1989 இல் பிரிந்தது. 2019 நவம்பரில் வேலூரும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. என் மாமா இன்னும் முகவரியில் ‘வ.ஆ. மாவட்டம்’ என்றே எழுதுகிறார். தபாலும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் முகம் சுளிப்பவர்களில் ஒருவர் முஸ்தபா பேக்காக இருப்பார். எங்கள் குழுவில் எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் ஓர் அண்ணன் இருக்கிறார். ஊரடங்கில் வீட்டுக் கணினிகளில் கடவுச்சொல் எல்லோருக்கும் ஒன்றே என்று முதலில் சொன்னவர் அவர்தான். அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாதிப் பேர் அறையில், பாதிப் பேர் திரையில் இருக்கும் கூட்டத்தை நடத்துவது எப்படி?

முடிந்தவரை நடத்தாதீர்கள். அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள், திரையில் இருப்பவர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்து வைப்பார். மேலே மின்விசிறி சத்தம் வேறு. தவிர்க்க முடியாதபோது ஒருவர் திரையில் இருந்தாலும் எல்லோரும் அவரவர் கணினி வழியாகவே சேர வேண்டும் என்பது எங்கள் விதி. பேசும் வரிசையைத் திரையில் இருப்பவரிடமிருந்து தொடங்குவோம். முக்கியமான முடிவு கூட்டம் முடிந்தபின் படிக்கட்டில் எடுக்கப்படும் பழக்கம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அப்படி எடுத்தால் அன்றே எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு?

முதல் மூன்று மாதம் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே கற்றுக்கொடுப்பவரையும் வரச் சொல்லுங்கள். புதியவர் மட்டும் வந்து காலி நாற்காலிகளோடு உட்கார்வதில் என்ன பயன்? அமெரிக்காவில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் 1970களில் பொறியாளர்களை ஆராய்ந்து, இருக்கைகளுக்கு இடையில் ஐம்பது மீட்டர் தூரம் வந்தாலே தொழில்நுட்பப் பேச்சு ஏறத்தாழ அற்றுப்போகிறது என்று காட்டினார். ஐம்பது மீட்டருக்கே அப்படி என்றால் பேரணாம்பட்டுக்கு எப்படியிருக்கும்?

பழையவர்களுக்கும் இதில் ஓர் ஆபத்து உண்டு. புளூம் 2015 இல் வெளியிட்ட முந்தைய ஆய்வு அதே சீன நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் நடந்தது. அங்கே வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை முடித்தார்கள். ஆனால் அந்த அளவு வேலைக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒன்பது மாத முடிவில் விருப்பம் கேட்டபோது பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்புகிறோம் என்றார்கள், தனிமை தாங்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது நான் இப்போது ஒரு காரியம் செய்கிறேன்: கடந்த மாதம் நேரில் யாரை அதிகம் பார்த்தேன் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். பிறகு பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி போடுகிறேன். இதுவரை இரண்டு முறை கிழித்தாயிற்று.

பெண்களுக்கு இது வசதிதானே?

வசதி என்று ஆண்கள் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் பெண் ‘சும்மா இருப்பவர்’ ஆகிவிடுகிறார். எரிவாயு சிலிண்டர் வந்தாலும் விருந்தாளி வந்தாலும் அவர்தான் எழ வேண்டும். காலை பத்தரை மணிக் கூட்டத்தில் குக்கர் விசில் கேட்டால் யாரும் சிரிக்கக்கூடாது என்று ஒரு முறை கடுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் குழுவில் மூன்று பெண்கள் தாங்களாகவே கூடுதல் நாள் அலுவலகம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் சொன்ன காரணம், “இங்கே வந்தால்தான் அக்கா, நான் உட்கார்ந்து டீ குடிக்கிறேன்,” என்பது. (அவர் அதைச் சொன்னது என்னிடம் அல்ல, எங்கள் கணக்காளரிடம். என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.)

மறுபுறம், குழந்தை பிறந்தபின் வேலையை விடாமல் காப்பாற்றியதும் இதே முறைதான். பேறுகால விடுப்பை 26 வாரமாக்கிய 2017 சட்டத் திருத்தத்திலேயே, விடுப்பு முடிந்த பிறகு வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. பலருக்கு இது தெரியாது, மேலாளருக்கும் தெரியாது. நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்தால் வீட்டிலிருந்து செய்யும் வேலைகள்தாம் முதலில் போகும் என்கிறார்களே?

எங்கள் தொழிலில் அது வந்துவிட்டது. எளிய கோரிக்கைகளை மென்பொருளே வகைப்படுத்தி அனுப்புகிறது. எங்களிடம் வருவது சிக்கலானவை மட்டும். வீட்டில் செய்தாலும் அலுவலகத்தில் செய்தாலும், முழுக்க எண்ணிக்கையாக எழுதிவிட முடிகிற வேலைக்குத்தான் ஆபத்து என்பது என் எண்ணம். நான் மேலே எண்ணிக்கையை வைத்து வேலை வாங்குவது சுலபம் என்றேன். அந்தச் சுலபத்துக்குப் பின்னால் இந்தக் குழி இருக்கிறது. நிராகரித்த காப்பீட்டு நிறுவனத்தோடு வாதாடுவது, மருத்துவர் குறிப்பில் விடுபட்டதை ஊகித்துக் கேட்பது போன்ற வேலைகளுக்கு ஆட்களைத் தயார் செய்யவே செவ்வாயையும் வியாழனையும் இப்போது அதிகம் செலவிடுகிறோம். ஆட்குறைப்பு வருமா என்று என்னிடம் நேரடியாகக் கேட்டார்கள். அடுத்த மார்ச் வரை இல்லை என்று எனக்கு எழுத்தில் வந்திருக்கிறது, அதற்கப்பால் எனக்கே சொல்லப்படவில்லை என்று பதில் சொன்னேன். அறை அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம் வதந்தி குறைந்தது.

எந்தச் செயலி, எந்தக் கருவி நல்லது?

ஏதாவது ஒன்று. மூன்று வேண்டாம்.

அப்படியானால் அலுவலகத்தையே மூடிவிடலாமா? வாடகை மிச்சம்தானே?

நீரில்லா ஆறு, மன்னரில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய சொலவடை உண்டு. ஆளில்லா அலுவலகத்தையும் சேர்த்துவிடலாம் என்று எங்கள் நிதிப் பிரிவுக்காரர் ஒருமுறை சொன்னார். சாமியில்லாக் கோயில் என்ற பகுதி இப்போது பொய் என்று அவருக்கு நினைவூட்டினேன். பல நூற்றாண்டுகள் காலியாகக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981 இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டது.

மூடவில்லை. பாதி இடத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மிச்சமான வாடகையில் நாற்காலியும் இணையக் கட்டணமும் போக, பெரிய சாப்பாட்டு மேசை ஒன்று வாங்கினோம்.

உங்களை நேரில் வந்து பார்க்கலாமா? எந்த நாள் அலுவலகத்தில் இருப்பீர்கள்?

செவ்வாய், வியாழன், மதியம் இரண்டு மணிக்கு மேல். அக்னி நட்சத்திரம் நடக்கும்போது வந்தால் எந்த நாளும் வரலாம். வேலூர் வெயிலில் எங்கள் குழுவுக்கு வீட்டு நாள் என்பதே மறந்துவிடும். 26 பேரும் ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார்கள்.